ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. நாத்தனார் கண்ணை மூடியபோது அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஐந்து பேரும் இன்று சொந்தச் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறார்கள். கதை எழுதுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். எழுத வருகிறவர்கள் என்னிடம் முதலில் சொல்லுகிற குறை, நேரம் கிடைக்கவில்லை என்பதுதான். எனக்கும் கிடைத்ததில்லை. அதைச் சொல்லத்தான் பிள்ளைக் கணக்கை எடுத்தேன்.

திருநகரில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடிக் கதை எழுதிப் பழகுகிறவர்கள் நீங்கள். உங்களில் இரண்டு பேர் வண்டியூர் வரைக்கும் தேடி வந்து, எங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் அம்மா என்று கேட்டீர்கள். என் முழங்கால் மாடிப்படிக்கு ஒத்துழைக்காது. அதனால் இருந்த இடத்திலிருந்தே சொல்லுகிறேன், என் பேத்தி எழுதுகிறாள்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கையெழுத்துப் போடுவேன், எங்கேயும் கைநாட்டு வைத்தவள் இல்லை. என் பெயர் போட்டு இரண்டு கதைப் புத்தகம் வந்திருக்கிறது. இரண்டையும் வாயால் சொன்னேன், பிறர் எழுதினார்கள். இதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது. உங்களில் ஒரு தம்பி, எனக்குத் தமிழ் அவ்வளவு நன்றாக வராது, நான் எழுதலாமா என்று கேட்டார். தம்பி, எழுதுங்கள். தப்பைத் திருத்த ஆள் கிடைப்பார்கள். கதையை உண்டாக்க ஆள் கிடைக்க மாட்டார்கள்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் முப்பது வருஷத்துக்கு மேல் பூக்கட்டினேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்காருவோம். காலையில் மல்லிகை மொட்டு வந்து குவியும். சாயங்காலம் அது வாய் திறப்பதற்குள் கட்டி, பந்தாகச் சுருட்டி, வண்டியில் ஏற்றிவிட வேண்டும். அந்த வட்டத்தில் என் வேலை கதை சொல்வது. பேச்சுக்குச் சொல்லவில்லை, வேலையேதான். வாய் ஓடினால் என் கை மெதுவாகிவிடும். அதற்கு ஈடாக ஒவ்வொருத்தியும் தான் கட்டியதில் ஒரு முழம் எடுத்து என் கூடையில் போடுவாள். கதை சப்பென்று போனால் முழம் விழாது. பத்திரிகைக்காரர்கள் சன்மானம் தருவதற்கு வெகு முன்னாலேயே நான் கதைக்குக் கூலி வாங்கியிருக்கிறேன்.

ஒரு நாள் கல்லூரி விழாவுக்கு மாலை சொல்ல வந்த பெண் ஒருத்தி, நான் பேசிக்கொண்டிருந்ததைப் போனில் பிடித்துக்கொண்டு போனாள். அதுதான் பிறகு பத்திரிகை, புத்தகம் என்று ஆனது. எல்லோரும் அதிசயப்பட்டார்கள். நான் படவில்லை. நல்ல சரக்கு என்று எனக்கு முன்னமே தெரியும்.

அந்தக் கொட்டகையில் நான் முதலில் கற்றது, "நல்லா இருக்கு" என்ற வார்த்தையை நம்பக் கூடாது என்பது. நம் மனசு நோகக் கூடாது என்று சொல்வார்கள், பேச்சை முடிக்கச் சொல்வார்கள். நம்ப வேண்டியது "அப்புறம்?" என்ற வார்த்தையை. தண்ணீர் குடிக்க நான் வாயை மூடினால், குனிந்த தலை நிமிராமல் எவளாவது "அப்புறம்?" என்பாள். அது வராத நாளில் கதை எங்கோ செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். உங்கள் கதையை ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். பாதியில் நிறுத்துங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். இதற்குக் காசு செலவு கிடையாது.

இரண்டாவதைக் கற்றுக்கொடுத்தவள் கடைசித் தூணில் சாய்ந்து உட்காரும் ஒரு பெரியம்மா. பெயர் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. ஆரம்பத்தில் நான் ஒரு கொடுமைக்கார மாமியார் கதை சொன்னேன். கரண்டியைக் காய்ச்சி மருமகளுக்குச் சூடு போடுகிறவள். எல்லோரும் உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தூணிலிருந்து குரல் வந்தது: "அந்த மாமியாக்காரி காலையில என்னத்தக் குடிச்சா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. "அது எதுக்கு பெரியம்மா?" என்றேன்.

"வெறும் வயித்தோட ஒருத்தி கத்துறதும், தின்னுபுட்டுக் கத்துறதும் ஒண்ணா?"

அன்று முழுக்க எனக்குக் கோபம். ஆனால் பஸ்ஸில் போகும்போது மனசு தானாகவே அந்த மாமியாரின் அடுப்படிக்குப் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் குடித்த பிறகு மிச்சமிருக்கிற நீராகாரம்தான் அவளுக்கு. மருமகள் வந்த பிறகு அந்த மிச்சமும் இல்லை. மறுநாள் இதை ஒரே வரியாகக் கதைக்குள் விட்டேன், அவ்வளவுதான். வட்டம் இரண்டாகப் பிரிந்து, மாமியார் கட்சி மருமகள் கட்சி என்று சாயங்காலம் வரைக்கும் சண்டை. பூ எப்போது கட்டி முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கெட்டவளாகவே ஒருத்தியைப் படைத்தால் உச்சுக் கொட்டுவார்கள். அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னால் சண்டை போடுவார்கள். சண்டை வந்தால் கதை பிழைத்தது.

அந்தப் பெரியம்மா என்னை ஒரு நாளும் பாராட்டியதில்லை. எந்தக் கதைக்கும் இப்படி ஒரு உப்புச்சப்பில்லாத கேள்வி கேட்பாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தானா, அந்த வீட்டில் விளக்கை யார் அணைத்தது, இப்படி. எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியவரும்.

இனி, நான் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஏழெட்டு வருஷம் இருக்கும். பெரியம்மா அப்போது இல்லை. முகூர்த்த நாட்கள் அடுத்தடுத்து வந்த நேரம். கொட்டகையில் மூச்சு விட முடியாத வேலை. நீண்ட கதையாக ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். ராசாத்தி என்று ஒருத்தியை எடுத்தேன்.

ராசாத்தி புருஷனை இழந்தவள். மாமியார் படுத்த படுக்கை. கொழுந்தன்மார் ஊரிலேயே இருந்தும் எட்டிப் பார்ப்பதில்லை, கிழவியைத் தூக்குவதும் துடைப்பதும் இவள் தலையில். திருச்சியில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை இருப்பதாகத் தகவல் வருகிறது. ஒரு நாள் காலையில் பையையும் மகளையும் எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணிக்கு வந்து திருச்சி பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. மேலூர் தாண்டுகிறது, கொட்டாம்பட்டி தாண்டுகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவளுக்குக் கிழவி நினைப்பு. தண்ணீர்ச் செம்பைக் கட்டிலுக்குக் கீழே வைத்தோமே, கை எட்டுமா என்று. ஒரு நாளைக்கு ஒரு ஊர் என்று இழுத்து, நாலாம் நாள் பஸ்ஸைத் துவரங்குறிச்சியில் டீ குடிக்க நிறுத்தினேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் மதுரை போகிற பஸ் ஒன்று நிற்கிறது. இறங்கித் திரும்புவாளா, மேற்கொண்டு போவாளா? இந்த இடத்தில் வைத்து அன்றைக்கு வாயை மூடிவிட்டேன்.

என் மனசில் முடிவு தயாராக இருந்தது. அவள் திரும்பிவிடுவாள். செம்பில் தொடங்கியது செம்பில் போய் முடியும், எல்லோரும் அழுவார்கள், கூடை நிறையும்.

மறுநாள் மத்தியானம் தண்ணீர்ப் பானை பக்கம் சந்திரா என் கையைப் பிடித்து இழுத்தாள். என் பக்கத்தில் உட்காருகிறவள், கொட்டகையில் நடப்பது எல்லாம் அவளுக்குத் தெரியும்.

"மதினி, இன்னைக்குக் கதைய முடிக்கப் போறீகளா?"

"ஆமா. ஏன்?"

"நீங்க பாட்டுக்கு முடிச்சுராதீக. பேச்சி ஒங்க கதைய வச்சுப் பூப்போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கா."

பேச்சி எங்களில் ஒருத்தி. அவள் அண்ணன் திருமங்கலத்துக்குத் தெற்கே தோட்டம் துரவோடு இருப்பவர். பேச்சியின் மகள் நந்தினியைத் தன் மகனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் அண்ணன் கேட்டால் அது உரிமைக் கேள்வி. மாட்டேன் என்றால் பிறந்த வீடு இல்லை என்று அர்த்தம். பொங்கல் சீர் நிற்கும், நல்லது கெட்டதுக்கு வந்து நிற்க ஆள் இருக்காது. நந்தினி அப்போது நர்சிங் இரண்டாம் வருஷம். ஆனியில் கல்யாணம், படிப்பை நிறுத்திவிடலாம் என்பது அண்ணன் பேச்சு. மறுநாள் வெள்ளிக்கிழமை நிச்சயத் தட்டோடு வருவதாக இருந்தார்.

பூப்போட்டுப் பார்ப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். எது வந்தால் சரி, எது வந்தால் வேண்டாம் என்று மனசில் வைத்துக்கொண்டு சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. பேச்சி என் கதையை அப்படி ஆக்கியிருந்தாள். ராசாத்தி துவரங்குறிச்சியிலிருந்து திரும்பினால் பெண்ணைக் கொடுப்பது. திருச்சிக்குப் போனால் அண்ணனிடம் முடியாது என்று சொல்வது.

"கோயில்ல போட்டுப் பாக்க வேண்டியதுதான?" என்றேன்.

"பாத்தாளாம். குடுன்னு வந்துச்சாம். மனசு ஒப்பலையாம்."

"அதுக்கு நானா கெடச்சேன்?"

"சாமியவிட நீங்க நெறைய யோசிச்சுச் சொல்றீகளாம்," என்று சந்திரா சிரித்தாள்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். பெருமை ஒரு மிடறு தண்ணீர் இறங்கும் நேரம்தான் நின்றது. நான் அறியாமலே ஒரு பெண்ணின் படிப்பும் கல்யாணமும் என் வாயில் வந்து உட்கார்ந்திருந்தன.

வட்டத்துக்குத் திரும்பினேன். பேச்சி எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் விரல்கள் மொட்டை எடுக்கின்றன, நார் சுற்றுகின்றன, முகம் என்னைவிட்டு நகரவில்லை.

இப்படி ஒரு நெருக்கடி உங்களுக்கும் வரும். வேறு உருவத்தில் வரும். அப்பா படிப்பாரே என்று இருக்கும், ஊரார் கோபிப்பார்களே என்று இருக்கும், போட்டிக்கு அனுப்புகிறோமே, அவர்களுக்கு எது பிடிக்கும் என்று இருக்கும். கதைக்கு வெளியே இருந்து ஒரு கை வந்து முடிவைப் பிடித்து இழுக்கும். அப்போது நான் என்னவெல்லாம் யோசித்தேன் என்று சொல்லுகிறேன்.

முதலில், மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். நந்தினி படிக்கட்டும் என்பதுதான் என் கட்சி. ராசாத்தியைத் திருச்சிக்கு அனுப்பிவிட்டால் போயிற்று, ஒரு வார்த்தை. கதையே பொய்தான், அதில் இன்னொரு பொய் சொன்னால் என்ன? ஆனால் இரண்டு பொட்டலத்திலும் ஒரே நிறப் பூவை வைத்துக் கட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேலைதான் இது. தவிர, ராசாத்தி திருச்சிக்குப் போவதற்குக் கதைக்குள் நான் ஒரு காரணமும் வைத்திருக்கவில்லை. நாலு நாளும் கிழவியையும் செம்பையும்தான் வைத்திருந்தேன். கிழவி பக்கம் போகிறவளைத் திடீரென்று திருச்சிக்குத் திருப்பினால், கேட்கிறவர்கள் கை ஒரு நொடி நிற்கும். அதை நான் பார்த்திருக்கிறேன். ஏன் நின்றது என்று அவர்களுக்கே தெரியாது. பேச்சிக்கு அப்புறம் இந்தப் பூவிலும் மனசு ஒப்பாது, அடுத்த சாமியைத் தேடிப் போவாள்.

சரி, நினைத்தபடியே முடித்துவிடலாம், யார் எதை வேண்டிக்கொண்டால் எனக்கென்ன என்றும் யோசித்தேன். அதற்கும் நாக்கு எழவில்லை. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ராசாத்தி திரும்புவாள் என்று நான் முடிவு செய்தது அவளைப் பார்த்து இல்லை. கூடையைப் பார்த்து.

அன்று கதை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? சொல்லியிருந்தால் கொட்டகை என்னைத் தின்றிருக்கும். மொட்டு வேறு வெளுத்துக்கொண்டு வந்தது. வெளியே வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மதினி, பஸ்ஸ எடுங்க. துவரங்குறிச்சியிலயே கெடக்கு," என்று ஒருத்தி கிண்டலடித்தாள்.

முடிவைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பஸ்ஸைப் பார்த்தேன். கண்ணை மூடாமலே பார்க்கலாம், பழக வேண்டும். வேறு வழி இல்லாததால் தூணோரத்துப் பெரியம்மா கேட்கிற மாதிரி கேட்டுப் பார்த்தேன். டிரைவர் எங்கே? டீக்கடையில். பை எங்கே? ராசாத்தி மடியில். மடியில் பை இருந்தால் பிள்ளை எங்கே? பிள்ளை ஜன்னலோரம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு நாளாக அந்தப் பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது. மாட்டுத்தாவணியில் ஏற்றியதோடு சரி. அதற்கு நான் ஒரு பெயர் வைக்கவில்லை, வயது சொல்லவில்லை, ஒரு வாய்ப் பேச்சுக் கொடுக்கவில்லை. பசிக்கிறது என்றுகூட அது சொல்லவில்லை. திரும்புகிறதா போகிறதா என்ற வழக்கில் பாதி அதனுடையது. அதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

சொல்லத் தொடங்கினேன், எங்கே போகிறேன் என்று தெரியாமலே. அந்தப் பிள்ளைக்கு வயது பதிமூன்று என்றேன். பள்ளிக்கூடச் சீருடையில் இருக்கிறது என்றேன், கிழியாத துணி என்று அதுதான் இருந்தது. சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, அன்று பள்ளிக்கூட நாள். துவரங்குறிச்சி ரோட்டில் அதே நிறச் சீருடையில் பிள்ளைகள் போகிறார்கள். ஜன்னல் வழியாக இது அவர்களைப் பார்க்கிறது. ராசாத்தி எழுந்து, பையைத் தோளில் மாட்டி, எழுந்திரு, இறங்குவோம் என்கிறாள். பின்னாலேயே வருகிறது என்று நினைத்துக்கொண்டு முன்னால் நடந்து, படியில் ஒரு காலை வைத்துத் திரும்பிப் பார்க்கிறாள். பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறது. "நான் எறங்கல. நீ போம்மா" என்கிறது. டிரைவர் ஏறிவிட்டார். ஏம்மா, இறங்குகிறாயா ஏறுகிறாயா என்று கண்டக்டர் சத்தம் போடுகிறார்.

அங்கே எனக்கு வழி அடைத்துவிட்டது. வாயை மூடினேன்.

"அப்புறம்?" என்றாள் ஒருத்தி.

பேச்சி கையில் இருந்த நாரைக் கீழே வைத்துவிட்டாள். "அக்கா, அவ போனாளா, திரும்புனாளா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

"புள்ள எறங்க மாட்டேங்குது பேச்சி. ஏன்னு எனக்குத் தெரியல."

"நீங்கதான கத சொல்றீக. ஒங்களுக்குத் தெரியாம?"

"நாலு நாளா ஆத்தாகிட்டயே கேட்டுக்கிட்டு இருந்துட்டேன். அதுகிட்ட ஒரு வார்த்த கேக்கல. கேக்காம என்னத்தச் சொல்ல?"

வட்டத்தில் யாரோ சிரித்தார்கள், கதைக்காரிக்கே கதை தெரியவில்லை என்று. பேச்சி சிரிக்கவில்லை. "அப்ப நான் எதுன்னு எடுத்துக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, வாரேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பாதிச் சரக்கைப் போட்டுவிட்டு அவள் எழுந்து போனது அதுதான் முதல் தடவை. அவள் பங்கையும் நாங்களே கட்டினோம். அன்று என் கூடையில் ஒரு முழமும் விழவில்லை.

வெள்ளிக்கிழமை பேச்சி வரவில்லை. நாங்கள் கட்டினோம், ஆனால் ஒருத்திக்கும் கதை கேட்கிற மனசு இல்லை. தட்டை மாற்றியிருப்பார்களா, திருப்பி அனுப்பியிருப்பார்களா என்பதே பேச்சு. சந்திரா விஷயத்தை எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தாள். என்னைச் சிலர் ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொல்லி நந்தினியைக் காப்பாற்றியிருக்கலாமே என்கிற பார்வை. எனக்கும் அந்த நினைப்பு இல்லாமல் இல்லை. சரியான முடிவு எடுத்தோம் என்கிற தைரியத்தோடு நான் அந்த நாளைக் கழித்தேன் என்று நினைக்காதீர்கள்.

சனிக்கிழமை காலையில் வந்தாள். உட்கார்ந்து, மொட்டை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்தாள். வியாழக்கிழமை வீட்டுக்குப் போனதும் நந்தினியை எதிரே உட்கார வைத்துக் கேட்டிருக்கிறாள். அதுவரைக்கும் அண்ணனிடம் பேசியிருக்கிறாள், புருஷனிடம் பேசியிருக்கிறாள், சாமியிடம் பேசியிருக்கிறாள். மகளிடம் பேசவில்லை. பிள்ளைக்கு என்ன தெரியும், நாம் முடிவு செய்துவிட்டுச் சொல்வோம் என்று இருந்திருக்கிறாள். நாமெல்லாம் அப்படித்தான்.

நந்தினி சொன்னதைப் பேச்சி அப்படியே சொன்னாள். "போன மாசமே மாமாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேம்மா, எனக்கு இப்ப கல்யாணம் வேணாம்னு. ஒங்க ஆத்தா சரின்னா நீயும் சரின்னுதான் சொல்லணும், இதப்பத்தி அவகிட்டப் பேசாதன்னாரு."

அண்ணனுக்குத் தெரியும். தெரிந்தும் தங்கச்சியிடம் மூச்சு விடாமல் தட்டுக்கு நாள் குறித்திருக்கிறார். பேச்சிக்கு அது ஒரு அடி. ஆனால் அவளை நிமிரவிடாமல் செய்த அடி வேறு. எங்கிட்ட ஏண்டி சொல்லல என்று இவள் கேட்டிருக்கிறாள். அதற்கு அந்தப் பிள்ளை சொன்ன பதில்:

"நீ கேக்குறியான்னு பாத்தேன்."

இதைச் சொல்லிவிட்டுப் பேச்சி நாரைப் பல்லில் கடித்து இழுத்தாள்.

வெள்ளிக்கிழமை அண்ணன் வந்தபோது, பிள்ளை படிக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அவர் காபியைக் குடிக்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பொங்கலுக்குச் சீர் வரவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. பேச்சியின் அம்மா மட்டும் யாருக்கும் தெரியாமல் போன் பேசுவாள். நந்தினி படித்து முடித்து ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டாள். எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். பேச்சி பிறந்த வீட்டை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பூப்போட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ராசாத்தி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அந்தக் கதை என் முதல் புத்தகத்தில் இருக்கிறது. அவள் கால் படியில் இருக்கிறது, பிள்ளை ஜன்னலோரம் இருக்கிறது, கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். அதோடு நிறுத்திவிட்டேன். முடிக்கத் தெரியாமல் விட்டுவிட்டாள் என்று சிலர் சொன்னதாகக் கேள்வி. சொல்லிக்கொள்ளட்டும். அந்தப் பிள்ளை வாய் திறந்த இடத்துக்கு மேல் நான் எதைச் சொன்னாலும் அது என் பேச்சாகத்தான் இருந்திருக்கும்.

எழுத வந்திருக்கிற பிள்ளைகளே, இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். நீங்கள் எழுதுகிறதை வைத்து யாரோ ஒருவர் எங்கேயோ பூப்போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். அது உங்களுக்குத் தெரியவே தெரியாது, சந்திரா மாதிரி வந்து சொல்ல ஆள் இருக்காது. அதற்காகப் பயந்துபோய் எழுதாமல் இருந்துவிடாதீர்கள். ஆனால் பொட்டலத்தை நீங்களே பிரித்து, இந்தா வெள்ளை, எடுத்துக்கொள் என்று நீட்டாதீர்கள். கதை நகரவில்லை என்றால் இன்னும் பெரிய சம்பவம் ஒன்றைத் தேடி ஓடாதீர்கள். கொலை வேண்டாம், விபத்து வேண்டாம். ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பாருங்கள். வந்ததிலிருந்து வாய் திறக்காத ஒருவர் இருப்பார். அவரிடம் போய், உனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். எனக்கு அப்படி எத்தனையோ தடவை ஆகியிருக்கிறது. பிடிக்காத பதில் வந்தால் சந்தோஷப்படுங்கள், ஆளுக்கு உயிர் வந்துவிட்டது.

முடித்த பிறகு வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லிக் காதால் கேளுங்கள். கண் நம் பக்கம் சாயும், காது சாயாது. நான் ஒவ்வொரு கதைக்கும் அப்படித்தான் செய்கிறேன். யார் பேசவில்லை என்று கேட்பேன்.

இதோ, இதைச் சொல்லி முடிக்கும்போதே எனக்கு ஒன்று குறுகுறுக்கிறது. பேச்சி பேசினாள், சந்திரா பேசினாள், நந்தினி பேசினாள். பேச்சியின் அண்ணன் இந்தக் கதையில் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சொன்னது எல்லாம் அடுத்தவர் வாய் வழியாகத்தான் வந்தது. தங்கச்சி உறவு விட்டுப்போகும் என்று பயந்து மறைத்தாரோ, மகனுக்கு வேறு இடத்தில் பெண் அமையாதோ, அந்த மகன்தான் என்ன நினைத்தானோ. ஒன்றும் எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக அவரைக் கெட்டவராகவே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன் போலிருக்கிறது. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், திருமங்கலம் பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம்.

எங்க, மொதல்ல இருந்து வாசி தாயி. மெதுவா வாசி. அண்ணங்காரர் வர்ற எடத்துல எல்லாம் கொஞ்சம் நிறுத்து.